பீலிக்கரையும் கிளினிக் கொப்பியும்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து ஆட்கள் எல்லோருக்கும் ஒரே பீலி என்றிருந்த காலத்தில், யார் எவ்வளவு நேரம் கை கழுவுகிறார் என்பது ஒளிக்க முடியாத சங்கதி. காலை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு நேரமாகியிருக்கும், குடங்களோடு வரிசை காத்து நிற்கும். முன்னால் நிற்பவள் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, திரும்பவும் போடுவாள். விரலிடுக்கில் தோல் வெளுத்து வெடித்திருக்கும். கை சுத்தமாகிவிட்டது என்று அவளுக்கும் தெரியும், மனசுதான் ஒத்துக்கொள்ளாது. வரிசையிலிருந்து ஏச்சு விழும், சுத்தக்காரி என்று பட்டப்பெயர் விழும். அவ்வளவுதான்.

முற்றிப்போனால் கோடாங்கி. உடுக்கடித்துக் குறி சொல்லி, காத்து கருப்பு என்று கயிறு கட்டுவார். முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொள்வார்கள். சாமி கும்பிடும்போது அசிங்கமான நினைப்பு வருகிறதே என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருப்பவர் அதைக் கோடாங்கியிடமும் சொல்லமாட்டார். டிஸ்பென்சரியில் கை வெடிப்புக்குக் களிம்பு கிடைக்கும். அதற்கு மேல் என்றால் கொழும்புப் பக்கத்து அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி. பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை ஏறத்தாழ 290 கிலோமீட்டர். ஆனால் ஆட்களைத் தடுத்தது தூரம் மட்டுமல்ல. அங்கொடை என்ற பேரே வசவாக இருந்தது. கைகழுவும் வியாதிக்காக யாரும் அங்கே போகத் துணியவில்லை.

இந்த வியாதிக்கு ஓசிடி என்று பெயர். ஒருவர் வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்பது உலகக் கணக்கு. வேண்டாத நினைப்பு ஒன்று வந்து குடைகிறது. அந்தப் பதற்றம் தீரக் கழுவுகிறோம், பூட்டை இழுத்துப் பார்க்கிறோம், எண்ணுகிறோம். கொஞ்ச நேரம் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதல்தான் அடுத்த தடவைக்கு இழுத்துவருகிறது. இதைத் தெளிவாக்கியவர்களில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. இலங்கையரான உளவியலாளர் பத்மல் டி சில்வா, ஸ்டான்லி ராக்மனோடு சேர்ந்து லண்டனில் செய்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, கோயிலில் கெட்ட வார்த்தை சொல்லிவிடுவேனோ என்பது போன்ற நினைப்புகள் நோயில்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் வருகின்றன என்று அது காட்டியது. அவர்கள் உதறிவிட்டுப் போகிறார்கள். நோயாளிக்கு அந்த நினைப்பே குற்றமாகிவிடுகிறது. பேய் என்று பயந்தவர்களுக்கு இந்த ஒரு சேதியே பாதி மருந்து என்பேன்.

2005இல் அமைச்சரவை ஏற்ற மனநலக் கொள்கைக்குப் பிறகு சிகிச்சை அங்கொடையை விட்டு மாவட்டங்களை நோக்கி நகர்ந்தது. இப்போது பதுளைப் பெரியாஸ்பத்திரியிலேயே மனநல மருத்துவரைப் பார்க்கலாம். புளுவொக்சிற்றின், குளோமிப்ரமின் போன்ற குளிசைகள் இதற்குப் பழகிய மருந்துகள். இவை தலைவலிக் குளிசை மாதிரி அன்றைக்கே கேட்பவை அல்ல. பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். கிளினிக் நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது, பஸ் காசும் போகிறது. இரண்டாவது மாதம் "ஒண்ணும் கேக்கல" என்று கொப்பியைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மற்றது பயிற்சி. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் எழுதிய முறை அதன் வேர். பயப்படும் பொருளைத் தொட வேண்டும். தொட்டபின் கழுவாமல் இருக்க வேண்டும். முதலில் கதவுக் கொண்டி, பிறகு செருப்பு, அதற்குப் பிறகு மாட்டுப் பட்டி என்று சின்னப் பயத்திலிருந்து படிப்படியாக. பதற்றம் ஏறும், உச்சியில் நிற்கும், கழுவாமலே இறங்கும். வீட்டுக்காரர்களுக்கும் இதில் வேலை உண்டு. "பூட்டிட்டேனா?" என்று பத்தாம் தடவை கேட்கும்போது "பூட்டியாச்சு" என்று சொல்வது பாசம்தான், ஆனால் நோய்க்கு அதுதான் தீனி.

எல்லாப் பயத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அதற்குப் பிறகு மழை இரவில் எழுந்து மேட்டைப் பார்ப்பவருக்கு வியாதியில்லை. அவர் கேட்பது குளிசையல்ல, பாதுகாப்பான இடத்தில் ஒரு வீடு.

தண்ணீர் குழாய் வீட்டுக்குள் வந்த இடங்களில் வரிசையும் போயிற்று, ஏச்சும் போயிற்று. நல்லதுதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி இரண்டு மணி நேரம் கழுவினால் இப்போது அடுத்த காம்பராவுக்குத் தெரியாது. சிகிச்சை கிட்டே வந்த அதே காலத்தில் நோய் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

பாஷைச் சிக்கலும் தீர்ந்தபாடில்லை. குளிசை எழுத நாலு வார்த்தை போதும். பயிற்சி முழுக்கப் பேச்சால் நடப்பது. தமிழ் தெரியாத டாக்டர் முன்னால் தாய்க்கு மகன் சிங்களத்தில் எடுத்துச் சொல்கிறான் என்று வையுங்கள். கைக்குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவேனோ என்று தனக்கு வரும் நினைப்பை அவன் வாய் வழியாக அவள் எப்படிச் சொல்லுவாள்? "கை கழுவுறேன் ஐயா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். கிளினிக்குக்குப் போகுமுன், மகன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அதற்கு ஒரு கோல் எடுப்பது நல்லது.