மருந்தடித்த பிறகு வரும் மயக்கம்

வயலில் மருந்தடித்துவிட்டு வருபவருக்குத் தலை சுற்றி, வியர்த்துக் கொட்டினால் வெயில் தாங்கவில்லை என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். அடித்தது மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தாக இருந்தால், அப்படிக் கழியும் நேரம் உயிருக்கே ஆபத்து.

நொதி முடங்கும் விதம்

தசையை இயக்க நரம்பு நுனி அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட் இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. அசிட்டைல்கோலின் தேங்கிவிடும். கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கும், எச்சில் வழியும், வாந்தி வரும், தசைகள் துடிக்கும். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் தசைகளும் தளர்ந்தால் உயிர் தங்காது.

இதே நொதி இரத்தச் சிவப்பணுக்களின் மேலும் இருக்கிறது. அதனால்தான் நரம்பில் நடப்பதை இரத்தப் பரிசோதனையில் ஓரளவு கணிக்க முடிகிறது.

மீட்கும் மருந்தும் காலக்கெடுவும்

முதலில் தருவது அட்ரோபின். சுரப்புகளை அடக்கி, இதயத் துடிப்பைத் தூக்கி நிறுத்தும். நொதியை அது மீட்பதில்லை. நொதியிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுப்பது பிராலிடாக்சிம். ஆனால் நேரம் போகப் போக நஞ்சின் பிடி இறுகிவிடும். மோனோகுரோட்டோபாஸ் வகையில், முடங்கிய நொதியில் பாதி சுமார் 4 மணி நேரத்துக்குள் மீட்க முடியாததாகிவிடுகிறது. குளோர்பைரிபாஸ் வகையில் பாதி நொதி அப்படியாகச் சுமார் 33 மணி நேரம் பிடிக்கும். பிடி இறுகியபின் புதுச் சிவப்பணுக்கள் பிறந்துதான் இரத்தத்தில் நொதி கூட வேண்டும். அதுவும் நாளுக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான். உடம்பு தேறியதாகத் தோன்றினாலும், அடுத்த வாரமே மறுபடி மருந்தடிக்கப் போகக் கூடாது.

பிராலிடாக்சிமை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. இலங்கையில் நஞ்சு உட்கொண்டவர்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், குளோர்பைரிபாஸ் வகையில் சிவப்பணு நொதி மீண்டது, இறப்போ குறையவில்லை. அட்ரோபினும் செயற்கைச் சுவாசமும் தாமதமின்றிக் கிடைப்பதே முக்கியம் என்பேன்.

உடனே செய்ய வேண்டியவை

நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் புட்டியின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எந்த வகை என்பது தெரிந்தால் மருத்துவருக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பது தெரியும்.

இந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மாறும். தொடர்ந்து மருந்தடிப்பவர்கள், பருவம் தொடங்கும் முன்பே ஒருமுறை கோலினெஸ்டரேஸ் பரிசோதனை செய்து வைத்துக்கொண்டால், பின்னால் ஏற்படும் குறைவை அதனோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம்.