மூன்று காலத்தில் ஒரு வினைச்சொல்
சென்னைச் சாலைகளும் சமயச் சொற்களும் – 9

தேனாம்பேட்டை சிக்னலில் சிவப்பு விழுந்து நிற்கும்போது, சில நாட்களில் ஒரு கைப்பிரதி நம் கைக்கு வரும். கொடுப்பவர் அதிகம் பேசமாட்டார். கேள்வி தாளிலேயே அச்சாகியிருக்கும்: ‘நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?’

விளக்குப் பச்சையாகிவிடும். பலரும் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எனக்கு அந்தக் கேள்வியின் பொருளைவிட அதன் இலக்கணம்தான் முதலில் உறுத்தியது. ‘இரட்சிக்கப்பட்டீர்களா’ என்பது இறந்தகாலம், செயப்பாட்டுவினை. காரியம் ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். செய்தவரும் நாமாக இருக்கக்கூடாது. ஒரு பெரிய இறையியல் வழக்கே அந்த ஒற்றைச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வழக்கின் தரப்புகள் ஒன்றாகக் கூடிய இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலம் வரை போய் வலப்பக்கம் திரும்பினால் கதீட்ரல் சாலை. சாலைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் பேராலயம் 1815இல் கட்டி முடிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறே வாரங்களில், தென்னிந்தியத் திருச்சபை இங்கேதான் பிறந்தது. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு முடிய 28 ஆண்டுகள் ஆயின. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் என்று தனித்தனியாக வளர்ந்தவர்கள் ஒரே சபையானார்கள்.

பேச்சை நீளவிட்டது பெரும்பாலும் ஆயர் பதவி பற்றிய தகராறுதான். ஆனால் வந்தவர்கள் மீட்பைப் பற்றியும் வெவ்வேறு மரபுகளைச் சுமந்து வந்தார்கள். கால்வின் வழி வந்த பிரெஸ்பிட்டேரியன்களுக்கு எல்லாமே கடவுளின் தெரிவு. வெஸ்லி வழி வந்த மெதடிஸ்டுகளுக்கோ, கிருபை முந்திக்கொண்டு வந்தாலும் அதை ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இது புதிய சண்டை இல்லை; வைணவத்திலும் உண்டு. தாயின் வயிற்றைக் குட்டிதான் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது குரங்கு நியாயம், வடகலையார் கட்சி. குட்டி சும்மா கிடந்தாலும் தாய் கவ்விக்கொண்டு போகும் என்பது பூனை நியாயம், தென்கலையார் கட்சி. ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்து, வைணவத்தின் அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டுத் தனிப் புத்தகமே எழுதினார்.

ஒற்றுமை ஓரளவுக்குத்தான். வைணவர் தேடும் வீடுபேறு பிறவிச் சுழலிலிருந்து விடுதலை. கிறிஸ்தவர் சொல்லும் இரட்சிப்பு பாவத்தின் பிடியிலிருந்தும் மரணத்திலிருந்தும் விடுதலை. அது வரலாற்றில் நடந்த ஒரு சாவிலும் உயிர்த்தெழுதலிலும் தொங்கி நிற்கிறது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. சீர்திருத்தச் சபையார் ‘இரட்சிப்பு’ என்பார்கள். காத்தல் என்னும் வடமொழி வேர். கத்தோலிக்கர் ‘மீட்பு’ என்பார்கள். இந்த இரண்டாவது சொல் நம் வீட்டுச் சொல். அடகுக்கடையில் கிடக்கும் சங்கிலி தானாக எழுந்து வராது. யாராவது அசலும் வட்டியும் கட்டி மீட்க வேண்டும். பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம் சொல்வது இதைத்தான்: இது கிருபை, உன் செய்கைக்குக் கிடைத்த கூலி அல்ல. அப்படியானால் நற்செயல் எதற்கு? செய்கையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் நிருபம் அங்கேதான் குறுக்கே நிற்கிறது. மீட்ட சங்கிலியை மறுபடியும் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் மீட்டதற்கு என்ன அடையாளம்?

1947இல் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆயராக அபிஷேகம் பெற்றவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். பிரெஸ்பிட்டேரியன் சபைக்காரர், காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தவர், அப்போது வயது 37. மதுரை – இராமநாதபுரத்துக்கு ஆயராகப் போனார். பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னை ஆயர். பாவம், இரட்சிப்பு பற்றி அவர் எழுதிய சிறு நூலை முதலில் தமிழில்தான் எழுதினார், சபை ஊழியர்களுக்காக. ஆங்கில நூல் 1956இல் அதன் பிறகு வந்தது. மீட்பு ஒருவருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று விளக்க வந்தவர், தனி மனிதனின் விசுவாசத்திலிருந்து தொடங்கவில்லை, சபையிலிருந்து தொடங்கினார். வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கோட்பாடு அல்ல, கூடி நிற்கும் மனிதர்கள்தான் என்பது கிராமங்களில் அவர் கண்ட பாடம்.

கைப்பிரதிக் கேள்வி இந்தக் கூடி நிற்றலை விட்டுவிடுகிறது, இறந்தகாலத்தோடு நின்றும்விடுகிறது. பவுலின் நிருபங்களில் அந்த வினைச்சொல் மூன்று காலத்திலும் வருகிறது. ரோமர் 8ஆம் அதிகாரத்தில் இரட்சிக்கப்பட்டோம். 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் இரட்சிக்கப்படுகிறோம். ரோமர் 5இல் இரட்சிக்கப்படுவோம். பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர் தேதியோடு சாட்சி சொல்வார். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, பதின்வயதில் திடப்படுத்தல் எடுத்து, ஞாயிறுதோறும் அதே பெஞ்சில் உட்காரும் பாட்டிக்கு அப்படி ஒரு தேதி இருக்காது. முன்னவர் இறந்தகாலத்தில் பேசுகிறார், பாட்டி நிகழ்காலத்தில் வாழ்கிறார். கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது இருவருமே எதிர்காலத்துக்கு மாறிவிடுவார்கள்.

மூன்றிலும் கடினமானது நிகழ்காலம்தான். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதம் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பருக முடியவில்லை. சாதிக்கொரு கல்லறை இன்றும் சில ஊர்களில் உண்டு. ‘இரட்சிக்கப்பட்டோம்’ என்று பாடுகிறவர் ‘இரட்சிக்கப்படுகிறோம்’ என்பதில் தடுமாறுகிற இடம் இதுவே. கடவுளோடு ஒப்புரவானவர் பக்கத்துப் பெஞ்சுக்காரரோடு ஒப்புரவாக மாட்டேன் என்றால், கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறது, நகை மட்டும் இன்னும் கடையிலேயே கிடக்கிறது.

ஆகவே அடுத்த முறை சிக்னலில் அந்தத் தாள் வந்தால், கேள்வியை நிகழ்காலத்தில் திருப்பிப் படித்துப் பார்க்கலாம். அதற்குப் பதில் நம் வாயில் இருக்காது. நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

இரட்சிப்பை ஒரு நாள் சம்பவமாக அல்லாமல் நெடுவழி நடையாகப் பாடிய தமிழர் ஒருவர் உண்டு. திருநெல்வேலி கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று, 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. கம்பனைக் கற்ற கை, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் யாத்திரைக் கதையை எப்படித் தமிழாக்கியது?

அடுத்த வாரம் அவரோடு நடப்போம்.

(தொடரும்)