தன்னுயிர்க்கும் அஹிம்சை

பெரம்பலூர் ஜில்லாவில், பச்சைமலையை அடுத்துள்ள அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் பெயர்பெற்றது. அவ்வூர்ச் சிற்பங்களுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரத்தின் இழையோட்டம் அறிந்தே சிற்பி உளி வைக்கவேண்டும். ஆத்திரத்தில் ஓங்கி அடித்தால் மரம் பிளக்குமேயன்றி உருவம் பிறவாது. பொதுத் தொண்டில் இறங்கியிருப்போர் அப்பட்டறைகளில் கற்கவேண்டிய பாடம் இதுவே என்போம்.

நம்மில் பலர் பிறரிடம் காட்டும் இரக்கத்தில் கால் பங்குகூடத் தம்மிடம் காட்டுவதில்லை. வேளைக்கு உணவில்லை; உறக்கமில்லை. எடுத்த காரியம் ஒன்று தவறினால் விடியுமட்டும் தம்மையே நிந்திக்கின்றனர். பகைவனிடம் சொல்லக் கூசும் சொற்களைத் தம்மிடம் கூசாது சொல்லுகின்றனர். இதற்குத் தியாகம் என்ற பெயர் வேறு! உடல் தளர்ந்து, மனம் கசந்து, அவர்கள் ஒதுங்கும் நாளில் நஷ்டம் யாருக்கு? பொதுக் காரியத்துக்கே அல்லவா?

பதஞ்சலி முனிவர் யோகத்தின் எட்டு அங்கங்களுள் யமத்தை முதலாக வைத்தார். அந்த யமத்துள்ளும் அஹிம்சையை முதலாக வைத்தார். இடத்தாலும் காலத்தாலும் சுருங்காத மகா விரதம் அது என்றார். அவ்விரதத்திலிருந்து தன்னுயிரை மட்டும் விலக்கிவைக்க நமக்கு அதிகாரம் ஏது? உடம்பை இழிவென்று எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் உறைவதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலரும் திருமந்திரத்தில் கூறுகிறார்.

இது சோம்பலுக்கு வழியாகாதோ என்று சிலர் ஐயுறலாம். ஆகாது. நியமங்கள் ஐந்தனுள் தவமும் உண்டு. ஆனால் அதற்கு முன்னே சந்தோஷம் நிற்கிறது. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் எழுதிய கட்டுரைகளிலும் இக்கருத்தின் சாயலைக் காண்கிறோம். தன்னிடம் கனிவு, குறை மனிதர் யாவர்க்கும் பொது என்னும் உணர்வு, துயரை மிகைப்படுத்தாது நோக்கும் நிதானம் ஆகிய மூன்றும் கூடியதே தற்பரிவு என்று அவர் வகுத்தார். குற்றத்தை மறைப்பது இதில் எங்கும் இல்லை.

செய்யவேண்டியவை எளியவை. காலையில் எழுந்ததும், பத்திரிகையைக் கையில் எடுக்குமுன், நிமிர்ந்தமர்ந்து பத்து மூச்சுகளை நிதானமாகக் கவனியுங்கள். உடம்பு இடங்கொடுக்கும் அளவுக்கே ஆசனம் பழகுங்கள். வேளை தவறாது உண்ணுங்கள். இரவில் அன்றைய பிழைகளை எண்ணிப் பார்க்கையில், தவறிய தம்பிக்கு அண்ணன் சொல்லும் பாங்கில் உங்களுக்கே புத்தி சொல்லிவிட்டு உறங்குங்கள்.

உளி கூர்மையாகவே இருக்கட்டும். அதைப் பிடிக்கும் கையில் பரிவும் இருக்கட்டும்.