அலிப்பூரிலிருந்து கடல் வரை

கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. சென்னையில் மாலையானால் கடற்கரையில் உலவி வந்தோம், இங்கே அந்தக் காற்றுக்கு வழியில்லையே என்பார்கள். கடல் இங்கும் இருக்கிறது. ஆனால் அது நம்மைத் தேடி வராது. நாம்தான் அதைத் தேடிச் செல்லவேண்டும். நல்ல நிலையில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு விடுமுறை நாளும் இருந்தால் போதும்.

அலிப்பூரின் மேற்கு ஓரமாகத் தெற்கு நோக்கிச் செல்வது டயமண்ட் ஹார்பர் சாலை. மாஜர்ஹாட், பெஹாலா, ஜோக்கா, ஆம்தலா என்று கடைத்தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விடியுமுன் புறப்பட்டவர் இவற்றை எளிதாகக் கடப்பார். எட்டு மணிக்குப் புறப்பட்டவர் பேருந்துகளுக்கும் ரிக்‌ஷாக்களுக்கும் இடையே பாதிப் பொறுமையை இழப்பார். சுமார் 50 கிலோமீட்டர் சென்றதும் டயமண்ட் ஹார்பர். அங்கே ஹூக்ளி ஆறு திடீரெனக் கண்முன் விரியும். எதிர்க்கரை ஒரு மெல்லிய கோடாகவே தெரியும். வண்டியை நிறுத்தி மண்குவளையில் ஒரு தேநீர் அருந்துவதற்கு இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை.

இவ்வழியே முன்பு செய்தியும் பயணம் செய்தது. இந்தியாவின் முதல் தந்திப்பாதைகளுள் ஒன்று கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே அமைந்து, 1851-இல் பயனுக்கு வந்தது. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் கப்பல்களைப் பற்றி நகர வணிகர் முன்கூட்டியே அறிந்துகொள்ள அது உதவிற்று.

பின்னர் குல்பி, காக்த்வீப், நாம்கானா. நாம்கானாவில் ஹாதானியா-தோவானியா ஆற்றைக் கடக்க ஒரு காலத்தில் வண்டிகளைப் படகில் ஏற்றவேண்டியிருந்தது. 2019-இல் பாலம் திறந்தபின் ஒரே பகலில் பக்காலிக் கடற்கரைக்குச் சென்று திரும்புவது எளிதாயிற்று. அலிப்பூரிலிருந்து பக்காலி ஏறத்தாழ 130 கிலோமீட்டர்.

மாமல்லபுரத்துச் சாலையின் நீலக்கடலை எதிர்பார்த்துச் செல்பவர் இங்கே ஏமாறுவார். ஆறு கொணரும் வண்டலால் நீர் பழுப்பாக இருக்கும், கரையோ தட்டையானது. சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஹூக்ளியின் முகத்துவாரத்திலோ பெரு ஓத நாளில் நான்கு மீட்டரையும் தாண்டும். நீர் வடிந்தபோது வெகு தொலைவு வெளிப்படும் இறுகிய மணலைக் கண்டதும் வண்டியை அதில் ஓட்டும் ஆசை எழும். ஓட்டலாகாது. அங்கு வளைகளில் வாழும் செந்நண்டுகள் நசுங்கும். திரும்பி வரும் நீரும் நமக்காகக் காத்திராது.

இக்கரையைப் பற்றி அறியவேண்டிய பெரிய செய்தி புயல். 1864 அக்டோபர் 5-இல் வீசிய புயல், கடல்நீரை ஹூக்ளிக்குள் பொங்கி ஏறச் செய்து பல்லாயிரவர் உயிரைக் கொண்டது. அத்தகைய அழிவுகள் தூண்டியதால் 1875-இல் இந்திய வானிலைத்துறை கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. தலைமையகம் பின்னர் இடம் மாறினாலும், கிழக்கிந்தியாவுக்கான மண்டல வானிலை மையம் இன்றும் அலிப்பூரில் இருக்கிறது. 2020 மே 20-இல் ஆம்பன் புயல் பக்காலி வட்டாரத்தில் கரை கடக்குமுன் எச்சரிக்கை விடுத்ததும் வானிலைத்துறையே. நாம் புறப்படும் பேட்டையிலிருந்தே, நாம் சென்று சேரும் கரைக்கு எச்சரிக்கை செல்கிறது!

பெரும்புயல் வரும்போது யாரும் உல்லாசப் பயணம் போகமாட்டார்கள். பயணியை உண்மையில் ஏமாற்றுவது கால்பைசாகி. மார்ச் முதல் மே வரை, பிற்பகலில், வடமேற்கிலிருந்து இது பாயும். தெற்கிலிருந்து வீடு திரும்புபவர் அதை நேர் எதிரே சந்திக்கிறார். ஒரு சித்திரை மாதத்தில், காலை வானம் தெளிவாயிருந்ததை நம்பி, அறிக்கையைக் கேளாமலே நான் புறப்பட்டேன். திரும்பும்போது குல்பிக்கு அருகே வானம் ஐந்து நிமிடத்தில் கறுத்தது. பக்கக் காற்று வண்டியை எதிர்வரும் லாரியின் பக்கமாகத் தள்ளியது. ஒரு டீக்கடைக்காரர் கையசைத்து அழைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் கடையின் தகரக்கூரை ஒரு மணி நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஆகவே, நேயர்களே, நவம்பர் முதல் பிப்ரவரி வரையான மாதங்களையே தேர்ந்துகொள்ளுங்கள். விடியற்காலை மூடுபனியில் மட்டும் மெல்லச் செல்லுங்கள். கோடையில்தான் போகவேண்டுமெனில், அலிப்பூர் வானிலை அறிக்கையை முதலில் கேட்டுவிட்டு, பக்காலியிலிருந்து முற்பகலிலேயே திரும்புங்கள். வீடு சேர்ந்ததும் வண்டியை நன்னீரில் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். உப்புக்காற்று ஓரிரவில் துரு ஏற்றிவிடும்.