மில்லிநொடிக் கணக்கு

மனித உடலின் மிக நீளமான நரம்பணுக்கள் கீழ்முதுகில் தொடங்கிக் கால் விரல்வரை போகின்றன. நீளம் ஏறக்குறைய 1 மீட்டர். அந்த நீளம் முழுவதும் ஆக்ஸான், அதாவது செய்தி கடத்தும் இழை. மூளைக்குள் ஓடும் ஆக்ஸான்கள் பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டர் தடிமன்கூட இல்லாதவை. ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம். இவ்வளவு மெல்லிய இழை அறுந்துபோகாமல் எழுபது, எண்பது ஆண்டு நிற்பதற்கு உள்ளிருக்கும் புரதச் சட்டகமே காரணம்.

சட்டகத்தின் நடுவில் நீளவாக்கில் நுண்குழாய்கள், ஒவ்வொன்றும் 25 நானோமீட்டர் விட்டம். அவற்றுக்கிடையே 10 நானோமீட்டர் நார்கள். வெளிச்சவ்வுக்குச் சற்று உள்ளே ஆக்டின் என்ற புரதத்தால் ஆன வளையங்கள், 190 நானோமீட்டருக்கு ஒன்றாக. வளையத்தையும் வளையத்தையும் இணைப்பது ஸ்பெக்ட்ரின். மடிந்து விரியக்கூடிய புரதம். இந்த வளைய அடுக்கு 2013-இல்தான் கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய நுண்ணோக்கிகளுக்கு அந்தக் கூர்மை போதவில்லை.

நுண்குழாய்கள் இழையைத் தாங்குவதோடு சரக்குப் பாதையாகவும் இருக்கின்றன. ஆக்ஸானுக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி நரம்பணுவின் உடலில் தயாராகி, நுண்குழாய்களின் மேல் இழுத்துச் செல்லப்படுகிறது. மிக வேகமான சரக்கு ஒரு நாளில் 400 மில்லிமீட்டர் நகரும். முதுகிலிருந்து கால் விரலுக்குப் போய்ச்சேர இரண்டரை நாள். மாற்றுப்பாதை கிடையாது.

புனேயில் பாஷாண் பகுதியிலுள்ள ஐசர் நிறுவனத்தில் அர்ணப் கோஷ் குழுவும், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் பிரமோத் புள்ளார்கட் குழுவும் சேர்ந்து இந்தச் சட்டகத்தின் வலுவை அளந்தன. கோழிக் கருவிலிருந்து எடுத்த நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். அமிலத்தில் அரித்து மெல்லியதாக்கிய கண்ணாடி இழை ஒன்றால் ஆக்ஸானின் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளினார்கள். கண்ணாடி இழை எவ்வளவு வளைகிறதோ, அதுவே விசையின் அளவு. தள்ளி அப்படியே பிடித்து வைத்தபோது ஆக்ஸானின் இழுவிசை முதலில் எகிறியது. பிறகு படிப்படியாகத் தணிந்தது. ஸ்பெக்ட்ரினைக் குறைத்த ஆக்ஸான்களில் விறைப்பு தெளிவாகக் குறைந்தது. ஸ்பெக்ட்ரினின் மடிப்புகள் பிரிந்து இழுவையை வாங்கிக்கொள்கின்றன, பிறகு திரும்ப மடிகின்றன என்பது ஆய்வின் முடிவு. 2020-இல் வெளியான அந்தக் கட்டுரை இந்த அமைப்புக்குத் தலைப்பிலேயே ஷாக் அப்சார்பர் என்று பெயர் கொடுத்தது.

ஸ்பெக்ட்ரின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 2007-லேயே தெரிந்திருந்தது. மரபணுக் குறையால் ஸ்பெக்ட்ரின் இல்லாமல் பிறந்த நூற்புழுக்களின் ஆக்ஸான்கள், புழு நெளியும்போதே அறுந்தன. அதே புழுக்களை அசைய முடியாமல் செய்தபோது அறுபடவில்லை.

ஆனால் மடிப்பு பிரிய நேரம் வேண்டும். ஜவ்வு மிட்டாயை மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் ஒடியும், ஆக்ஸானும் அப்படித்தான். ஆய்வகத்தில் நாள்கணக்கில் மெல்ல இழுத்து, ஒரு நாளில் 1 சென்டிமீட்டர் வீதம் ஆக்ஸானை வளர்த்தே காட்டியிருக்கிறார்கள். சில பத்து மில்லிநொடிக்குள் இழுத்தால், ஆக்ஸான் முழுசாக இருக்கும்போதே உள்ளே நுண்குழாய்கள் ஆங்காங்கே முறிகின்றன. விட்டவுடன் இழை நேராகத் திரும்புவதில்லை. அலையலையாக வளைந்து நிற்கிறது.

அடுத்து நடப்பதற்கு மணிக்கணக்கு ஆகிறது. முறிந்த இடத்தில் சரக்கு தேங்குகிறது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் இழையில் வீக்கங்கள் தோன்றுகின்றன. கால்சியம் உள்ளே புகுந்து கால்பெய்ன் என்ற நொதியைத் தூண்டுகிறது. கால்பெய்ன் வெட்டும் புரதங்களில் ஸ்பெக்ட்ரினும் ஒன்று. பல ஆக்ஸான்கள் உண்மையில் அறுவது அதற்கும் பிறகு, விபத்தில் அடிபட்டவர் எழுந்து, உடையைத் தட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்து, வீடு போய்ச் சேர்ந்த பின்பாக இருக்கலாம். கை, கால் நரம்பு அறுந்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் திரும்ப வளரும். மூளைக்குள் அறுந்த ஆக்ஸான் அப்படி வளர்வதில்லை.

மூளையின் ஆக்ஸான்கள் இப்படி இழுபட்டு அறுவதற்குத் தலை எதிலாவது மோதியாக வேண்டும் என்றுகூட இல்லை. 1982-இல் அமெரிக்காவில் ஜென்னரெல்லி குழு குரங்குகளின் தலையை எதிலும் மோதவிடாமல் வேகமாகச் சுழற்றி நிறுத்தியது. குரங்குகள் நினைவிழந்தன. பக்கவாட்டுச் சுழற்சியே மிக மோசமாக இருந்தது. மண்டை திரும்பி நிற்கும்போது மூளை நிற்பதில்லை, இழுபடுவது இழைகள். மருத்துவர்கள் இதைப் பரவலான ஆக்ஸான் காயம் என்கிறார்கள்.

சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும். அதன் கூர்மை அரை மில்லிமீட்டர் அளவு. ஆக்ஸான் அதில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஆக்ஸான் காயம் உள்ள பலருக்கு சி.டி. ‘நார்மல்’ என்றே வருகிறது.

ஆக்ஸானின் வலுவை அளந்த அதே புனேயில்தான் ஹெல்மெட்டுக்கு எதிர்ப்பும் எழுந்தது. புனே ஆர்.டி.ஓ. 2018 ஏப்ரலில் தந்த கணக்கின்படி நகரில் சுமார் 36 லட்சம் வாகனங்கள். அவற்றில் சுமார் 27 லட்சம் இருசக்கர வாகனங்கள். அப்போதைய மக்கள்தொகையை விட வாகனங்கள் அதிகம். 2019 ஜனவரி 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று காவல்துறை அறிவித்தது. உடனே எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. கட்டாயத்தை எதிர்ப்பதற்கென்றே ஒரு குழு அங்கே இயங்கியது. நெடுஞ்சாலையில் சரி, நகரத்தின் மெதுவான நெரிசலில் எதற்கு என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி நிற்கிறது, வேகம் பூஜ்யம் என்று கொள்வோம். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருக்கும். அது 5 மில்லிமீட்டருக்குள் நின்றால், நிற்க ஆகும் நேரம் 2 மில்லிநொடி. தலை மீதான சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பின் 300 மடங்கு. ஹெல்மெட்டின் நுரைப்பஞ்சு நசுங்கி 3 சென்டிமீட்டர் கொடுத்தால் 11 மில்லிநொடி, 50 மடங்கு.

2008-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும், இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் குறைக்கிறது. சுழற்சியை அது முழுதாகத் தடுப்பதில்லை. தரச் சோதனைகள் நெடுங்காலம் நேர் மோதலையே அளந்தன. சாய்வாக மோதவிட்டுச் சுழற்சியை அளக்கும் சோதனை ஐரோப்பிய விதியில் 22.06 பதிப்பில்தான் சேர்ந்தது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர்கள். இருசக்கர வாகனத்தில் செல்லும் 4 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும், தலைப்பாகை அணிந்த சீக்கியரைத் தவிர, ஹெல்மெட் கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் அபராதம் 1,000 ரூபாய்.

பிழைத்தவர்களுக்கு அரசின் விபத்து அறிக்கையில் படுகாயம், சிறுகாயம் என்று இரண்டு வகை உண்டு. சி.டி. நார்மல் என்று வந்து, அன்றே வீடு திரும்பி, ஆறு மாதம் கழித்து வேலையில் கணக்குத் தடுமாறும் ஒருவர் அதில் இடம்பெற்றால் சிறுகாயத்தில்தான் வருவார்.