குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி

விளையாட்டுக்கென்று கணினி ஒன்றை அமைக்க விரும்பும் இளைஞரிடம் ஆர்வம் மிகுந்திருக்கும். பணமோ அளவோடுதான் இருக்கும். அப்பணமும் பெரும்பாலும் பெற்றோர் மாதந்தோறும் மிச்சம்பிடித்ததாகவே அமையும். ஆதலின், எந்த உறுப்புக்கு எவ்வளவு செலவிடுவது என்பது பொழுதுபோக்குப் பற்றிய வினா மாத்திரமன்று. ஒரு குடும்பத்தின் சேமிப்புப் பற்றிய வினாவுமாகும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது திரையையே. 1920 × 1080 அளவுள்ள மொனிட்டரில் 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. விளையாட்டு தடங்கலின்றி ஓட, இப்புள்ளிகள் அனைத்தையும் கணினி செக்கனுக்கு 60 முறையாவது புதிதாக வரைதல் வேண்டும். ‘4கே’ எனப்படும் திரையிலோ புள்ளிகள் நான்கு மடங்காகும். வேலையும் அதற்கேற்பப் பெருகும். ஆகவே, சிறு முதலுடையோர்க்கு முதலிற் கூறிய திரையே ஏற்றது.

இவ்வாறு படம் வரையும் பொறுப்பு கிராபிக்ஸ் அட்டையினுடையது. எதிரி எங்கே நிற்கின்றான், எறிந்த பந்து எங்கே விழும் என்பன போன்ற கணக்குகளைச் செய்வது புரொசசர். இவை இரண்டும் ஒரே நுகத்திற் பூட்டிய மாடுகளை ஒத்தன. ஒன்று வலியதாயும் மற்றொன்று நலிந்ததாயும் இருப்பின், வண்டி நலிந்த மாட்டின் நடையிலேயே செல்லும். எனினும், பெரும்பாலான விளையாட்டுக்களில் வரையும் வேலையே அதிகமாதலின், திரை நீங்கலான செலவில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை கிராபிக்ஸ் அட்டைக்கு ஒதுக்குவது வழக்கம்.

புரொசசரும் மதர்போர்டும் ஒன்றுக்கொன்று பொருந்துதல் இன்றியமையாதது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ‘ஏஎம்4’ வகை மதர்போர்டில் டிடிஆர்4 நினைவகமே பொருந்தும். 2022 இல் வந்த ‘ஏஎம்5’ வகையில் டிடிஆர்5 மாத்திரமே பொருந்தும். ஏஎம்4 வகைக்கென 2022 இல் வெளிவந்த ரைசன் 5 5600 ஆறு கருக்களையுடையது. சிக்கனம் நாடுவோர் பலர் விரும்பிய புரொசசர் இது. ஆனால், தனி அட்டையின்றி இது திரையிற் படங்காட்டாது. 2021 இல் வந்த 5600ஜி தன்னுள்ளேயே படம் வரையும் பகுதியைக் கொண்டது. கைப்பணம் போதாதவர் இதனைக் கொண்டு எளிய விளையாட்டுக்களைத் தொடங்கி, அட்டையைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்.

நினைவகம் 16 கிகாபைட் இருத்தல் நன்று. அதனை ஒரே துண்டாக வாங்காது, 8 கிகாபைட் கொண்ட இரு துண்டுகளாக வாங்கிப் பொருத்தினால், தரவு இரு வழிகளிற் சென்று வேகம் கூடும். பழைய சுழல்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால், விளையாட்டு விரைவில் திறக்கும். ஆயினும், படம் வரையும் வேகம் அதனாற் பெரிதும் உயராது.

பலரும் சிக்கனம் பிடிக்க எண்ணுவது பவர் சப்ளையிலாகும். அதுவே பெருந்தவறு. 230 வோல்ற்று மின்சாரத்தைத் தாழ்ந்த அழுத்தத்துக்கு மாற்றி, ஏனைய உறுப்புக்கள் யாவற்றுக்கும் ஊட்டுவது அது. தரமற்ற ஒன்று பழுதுறும்போது, அரும்பாடுபட்டு வாங்கிய அட்டையையும் மதர்போர்டையும் உடன் அழித்துவிடவுங்கூடும். அதன்மீது காணப்படும் ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் வீணாகாமையைக் குறிக்குமேயன்றி, முழுத் தரத்துக்கும் சான்றாகாது. ஆதலின், உத்தரவாதமுள்ள நல்ல தயாரிப்பையே தேர்தல் வேண்டும்.

மாறாக, கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்குகளும் விளையாட்டின் வேகத்தை அணுவளவும் கூட்டுவதில்லை. அவற்றுக்குரிய பணத்தை அட்டைக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

பாவித்த அட்டைகளும் சந்தையிலுண்டு. 2022 செப்டெம்பரில் ஈத்தரியம் நாணயம் தன் முறையை மாற்றியபோது, அதனை ஈட்டுவதற்கு இரவும் பகலும் இயங்கிய அட்டைகள் பல விற்பனைக்கு வந்தன. ஆகையால், பாவித்ததை வாங்குவோர், கனமான விளையாட்டொன்றை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, வெப்பத்தையும் விசிறியின் ஓசையையும் கவனித்த பின்னரே பணங்கொடுத்தல் வேண்டும்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பர். இவ்வாறு அமைத்த கணினி விளையாட்டோடு நின்றுவிடாது. படங்கீறவும், நிகழ்நிரல் எழுதவும், பரீட்சைக்குப் படிக்கவும் அதுவே துணையாகும். பெற்றோர் சேமித்த பணத்துக்கு அதுவே தக்க பயன்.