பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது? மகாராஷ்டிராவில் உருவாகும் 'லைகோ-இந்தியா' விடை சொல்லுமா?

புது டெல்லி: மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் உள்ள ஔண்டா, நாகநாதர் ஆலயத்தால் நாடறிந்த ஊர். பருத்தியும் சோயாபீன்ஸும் விளையும் இந்த மராத்வாடா பகுதியில்தான், 'எல்' எழுத்தின் வடிவில் தலா 4 கிலோ மீட்டர் நீளமுள்ள இரு கரங்களைக் கொண்ட 'லைகோ-இந்தியா' ஈர்ப்பு அலை ஆய்வகம் அமையவுள்ளது. சுமார் 2,600 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு மே 11 அன்று பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். 2030ஆம் ஆண்டுக்குள் பணிகளை முடிப்பது அப்போது அறிவிக்கப்பட்ட இலக்கு.

அமெரிக்காவில் இரண்டு, இத்தாலியிலும் ஜப்பானிலும் தலா ஒன்று என இத்தகைய ஆய்வகங்கள் ஏற்கனவே உள்ள நிலையில், இந்தியாவில் மேலும் ஒன்று எதற்கு? இதற்கான விடை ஈர்ப்பு விசை என்றால் என்ன என்ற பழைய கேள்வியில் தொடங்குகிறது.

நியூட்டன் விட்டுச்சென்ற கேள்வி

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே ஈர்ப்பு விசை எவ்வளவு என்பதை நியூட்டனின் சமன்பாடு துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால், இடையில் எதுவுமற்ற வெளியில் அந்த விசை எப்படிக் கடந்து வருகிறது என்பதை அது சொல்லாது. சூரியன் திடீரென மறைந்துவிட்டதாகக் கொள்வோம். அதன் கடைசி ஒளிக்கதிர் பூமியை வந்தடைய 8 நிமிடங்களுக்கும் சற்று கூடுதலாகும். நியூட்டனின் கணக்குப்படியோ, பூமி அந்தக் கணமே தனது பாதையை விட்டு விலகிவிட வேண்டும். ஒளியை விட வேகமாக எந்தச் செய்தியும் பயணிக்க இயலாது என்று 1905இல் நிறுவிய ஐன்ஸ்டீனுக்கு இந்த முரண் உறுத்தலாக இருந்தது.

பத்து ஆண்டு உழைப்புக்குப் பின், 1915 நவம்பரில் அவர் முன்வைத்த பொதுச் சார்பியல் கோட்பாடு, ஈர்ப்பை ஒரு விசையாகவே கருதவில்லை. பருப்பொருள் தன்னைச் சூழ்ந்துள்ள இடத்தையும் காலத்தையும் வளைக்கிறது. அந்த வளைவில் செல்லக்கூடிய மிக இயல்பான பாதையில் பிற பொருட்கள் செல்கின்றன. அதையே நாம் ஈர்ப்பு என்கிறோம்.

இதை விளக்க, இழுத்துக் கட்டிய துணியின் நடுவே இரும்புக் குண்டை வைக்கும் உதாரணம் பாடப்புத்தகங்களில் இடம்பெறுவதுண்டு. எளிதில் புரியும் உதாரணம்தான். எனினும் அது இடத்தின் வளைவை மட்டுமே காட்டுகிறது. மரத்திலிருந்து மாங்காய் கீழே விழுவதற்கு முதன்மைக் காரணம் காலத்தின் வளைவு. தரைக்கு அருகே கடிகாரம் மெதுவாகவும் உயரத்தில் சற்று வேகமாகவும் ஓடுகிறது. இது கற்பனையன்று. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் உள்ள அணுக் கடிகாரங்கள், அவற்றின் வேகத்தால் ஏற்படும் தாமதத்தையும் கழித்த பிறகு, நாளொன்றுக்கு சுமார் 38 மைக்ரோ விநாடிகள் முந்துகின்றன. இதைச் சரிசெய்யாமல் விட்டால், கைப்பேசி வரைபடம் காட்டும் இடம் ஒரே நாளில் பல கிலோ மீட்டர் தள்ளிப்போகும்.

ஐன்ஸ்டீனே ஐயுற்ற அலைகள்

வெளியும் காலமும் வளையக்கூடியவை என்றால், அவை அதிரவும் கூடும். பெரும் நிறைகள் ஒன்றையொன்று வேகமாகச் சுற்றும்போது எழும் அதிர்வுகள் ஒளியின் வேகத்தில் பரவும் என்று 1916இல் ஐன்ஸ்டீன் கணித்தார். ஆனால், இருபது ஆண்டுகள் கழித்து அவருக்கே அதில் ஐயம் எழுந்தது. ஈர்ப்பு அலைகள் இல்லை என்று வாதிடும் கட்டுரை ஒன்றை 1936இல் நேத்தன் ரோசனுடன் இணைந்து 'ஃபிசிகல் ரிவியூ' இதழுக்கு அனுப்பினார். அதிலிருந்த பிழையை மதிப்பீட்டாளர் சுட்டிக்காட்ட, சினமுற்ற ஐன்ஸ்டீன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பின்னர் முடிவை மாற்றிக்கொண்டு, திருத்திய கட்டுரையை வேறொரு இதழில் வெளியிட்டார். நோபல் பரிசு பெற்றவரின் கட்டுரையிலும் பிழை கண்டறிந்து சொல்ல ஒருவர் இருந்தது அறிவியலுக்கு நல்லதாயிற்று.

அந்த அலைகள் 2015 செப்டம்பர் 14 அன்று நேரடியாகப் பதிவாயின. சூரியனைப் போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரு கருந்துளைகள், சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் மோதி ஒன்றிணைந்தன. சுமார் 3 சூரியன்களின் நிறை, விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஈர்ப்பு அலைகளாக மாறி வெளியேறியது. அவ்வளவு பெரிய நிகழ்வு பூமியை வந்தடைந்தபோது, 4 கிலோ மீட்டர் நீளக் கரத்தில் உண்டாக்கிய மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே.

இந்த மாற்றத்தை அளக்கும் முறை கருத்தளவில் எளிமையானது. ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, செங்குத்தான இரு கரங்களில் செலுத்தி, முனைகளிலுள்ள கண்ணாடிகளில் எதிரொளிக்கச் செய்து மீண்டும் சேர்க்கிறார்கள். இரு கரங்களும் மாறாதிருந்தால் கதிர்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஈர்ப்பு அலை கடக்கும்போது ஒரு கரம் நீண்டு மற்றது சுருங்குவதால், சிறிது ஒளி கசியும். அந்தக் கசிவே சமிக்ஞை. சிரமம் முழுவதும் மற்ற அதிர்வுகளை விலக்குவதில்தான் இருக்கிறது. தொலைவில் செல்லும் ரயில், கரையில் மோதும் கடலலை, கண்ணாடியிலுள்ள அணுக்களின் வெப்ப அசைவு என அனைத்தும் இந்தச் சமிக்ஞையை விடப் பெரியவை. எனவே 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகள், அடுக்கடுக்கான ஊசல்களில் மெல்லிய சிலிக்கா இழைகளால் தொங்கவிடப்படுகின்றன. கரங்களின் உட்புறம் மிக உயர்ந்த வெற்றிடமாக வைக்கப்படுகிறது. பரபரப்பான நகரங்களிலிருந்தும் கடலிலிருந்தும் விலகிய ஹிங்கோலி தேர்வானதற்கும் இந்த அமைதித் தேவையே காரணம்.

ஒரு செவியால் திசை அறிய முடியாது

ஈர்ப்பு அலைக் கருவி தொலைநோக்கியைப் போன்றதன்று. தொலைநோக்கி ஒரு திசையைப் பார்க்கும். இதுவோ ஏறத்தாழ எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதைக் கேட்கும். ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை இரு செவிகளுக்கும் இடையிலான நேர வேறுபாட்டால் நாம் உணர்வது போல, அலை வந்த திசையை அறியவும் வெவ்வேறு இடங்களிலுள்ள கருவிகள் தேவை. 2015இல் லூசியானா மாநிலத்தின் லிவிங்ஸ்டன் கருவியை அலை தொட்ட சுமார் 7 மில்லி விநாடிகளுக்குப் பின்னரே வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் அது பதிவானது. இரண்டே கருவிகள் இருந்ததால், மூலத்தின் இடத்தை சுமார் 600 சதுர பாகை பரப்புக்கு மேல் குறுக்க இயலவில்லை. வானில் ஏறத்தாழ 3,000 முழுநிலவுகளை அடுக்கி வைக்கும் பரப்பு அது.

2017 ஆகஸ்ட் 17 அன்று நிலைமை வேறாக இருந்தது. இத்தாலியின் 'விர்கோ' கருவியும் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை அமெரிக்கக் கருவிகளில் உரத்துக் கேட்டது. விர்கோவில் மிக மங்கலாகவே தெரிந்தது. அந்த மங்கலே துப்பாயிற்று. விர்கோவால் சரியாகக் கேட்க முடியாத திசையிலிருந்துதான் அலை வந்திருக்க வேண்டும் என்பதால், தேடும் பரப்பு சுமார் 28 சதுர பாகையாகச் சுருங்கியது. அடுத்த 11 மணி நேரத்துக்குள் சிலியிலுள்ள தொலைநோக்கி ஒன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. தொடர்ந்து புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி உட்பட உலகின் பல கருவிகள் அதை நோக்கித் திரும்பின.

அந்த ஒளியை ஆராய்ந்தபோது, தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்குச் சான்று கிடைத்தது. வீட்டு நகைகளிலுள்ள பொன்னில் ஒரு பகுதியாவது இப்படிப் பிறந்ததாக இருக்கலாம். மோதலின் காமா கதிர்கள் ஈர்ப்பு அலைகளுக்கு 1.7 விநாடிகள் பின்னரே வந்து சேர்ந்தன. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் 1.7 விநாடி வேறுபாடு என்றால், ஈர்ப்பும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்கின்றன என்று கொள்வதில் தவறில்லை. நியூட்டன் விட்டுச்சென்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்ததில்லை.

விரிவின் வேகத்தில் நீடிக்கும் பிணக்கு

அதே நிகழ்வு வேறொரு அளவீட்டுக்கும் வழிவகுத்தது. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு வேகமாக என்பதில்தான் பிணக்கு. பிரபஞ்சத்தின் தொடக்க கால வெப்ப எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைக் கொண்டு கணக்கிட்டால், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு தொலைவுக்கும் விநாடிக்கு சுமார் 67 கிலோ மீட்டர் என வருகிறது. அருகிலுள்ள விண்மீன்களையும் வெடிப்புகளையும் படிப்படியாக அளந்து சென்றால் சுமார் 73 வருகிறது. இரு தரப்பினரும் தங்கள் பிழை வரம்புகளைக் குறைத்துவிட்டனர்; இடைவெளி மட்டும் குறையவில்லை. அளவீட்டில் கண்டறியப்படாத தவறு இருக்கலாம். பிரபஞ்சத்தைப் பற்றிய நமது புரிதலிலேயே குறை இருக்கவும் கூடும்.

ஈர்ப்பு அலை இதில் மூன்றாம் சாட்சி. அலையின் வடிவத்திலிருந்து மோதலின் உண்மையான வலிமையைக் கணக்கிடலாம். அது இங்கு எவ்வளவு மங்கி வந்தது என்பதிலிருந்து தொலைவு நேரடியாகக் கிடைக்கும். 1986இலேயே இந்த முறையை முன்மொழிந்தவர் இயற்பியலாளர் பெர்னார்ட் ஷுட்ஸ். ஆனால், விலகிச் செல்லும் வேகத்தை அறிய, மோதல் நிகழ்ந்த விண்மீன் மண்டலத்தின் ஒளியையும் கண்டாக வேண்டும். 2017 நிகழ்வு தந்த விடை சுமார் 70. பிழை வரம்பு அதிகம் என்பதால், 67, 73 ஆகிய இரண்டுமே அதற்குள் அடங்கிவிட்டன. இத்தகைய நிகழ்வுகள் ஏறத்தாழ 50 கிடைத்தால் பிணக்கு தீரும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

சிக்கல் என்னவென்றால், அத்தகைய நிகழ்வுகள் கைநழுவுகின்றன. 2019 ஏப்ரல் 25 அன்று மீண்டும் ஒரு நியூட்ரான் விண்மீன் மோதல் என்று கருதப்படும் அலை வந்தது. அந்நேரம் ஹான்ஃபோர்டு கருவி இயங்கவில்லை. விர்கோவில் சமிக்ஞை மிக நலிந்திருந்தது. விளைவாக, தேட வேண்டிய பரப்பு 8,000 சதுர பாகையைத் தாண்டியது. அது முழு வானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஒளி எதுவும் உறுதிப்படவில்லை. தொலைவு தெரிந்தும் வேகம் தெரியாமல் போயிற்று.

லிவிங்ஸ்டன், ஹான்ஃபோர்டு ஆகிய இரண்டிலிருந்தும் நேர்கோட்டில் 10,000 கிலோ மீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது ஹிங்கோலி. இந்த நீண்ட இடைவெளி திசையைப் பன்மடங்கு துல்லியமாக்கும். ஒரு கருவி பழுதுபார்ப்பில் இருந்தாலும், மற்றவை தொடர்ந்து திசை காட்டும்.

இந்தியாவுக்கு இத்துறை புதிதன்று. மோதலுக்குப் பின் கருந்துளை, தட்டிய மணியைப் போல அதிர்ந்து அடங்கும் என்பதை 1970இல் கணக்கிட்டுக் காட்டியவர் சி.வி.விஸ்வேஸ்வரா. இரைச்சலிலிருந்து அலையைப் பிரித்தெடுக்கும் முறைகளில் புனே ஐயூகா மையத்தின் சஞ்சீவ் துரந்தரும், அலையின் வடிவத்தைக் கணிப்பதில் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாலா ஐயரும் முன்னோடிகள். கருவியின் முக்கிய பாகங்கள், ஹான்ஃபோர்டில் இரண்டாவது கருவியாக நிறுவ அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டவை. முதலில் ஆஸ்திரேலியாவுக்கு முன்வந்த இவ்வாய்ப்பு, அங்கு நிதி கிடைக்காததால் இந்தியாவுக்கு வந்தது. முதல் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட ஆறே நாட்களில், 2016 பிப்ரவரி 17 அன்று மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. முழு ஒப்புதலுக்கு மேலும் 7 ஆண்டுகள் பிடித்தன. இடத்தேர்வும் நில ஆய்வும் இதற்கிடையே நடந்தன என்றாலும், இது நீண்ட காத்திருப்புதான்.

இனி 8 கிலோ மீட்டர் நீள வெற்றிடக் குழாய் அமைப்பை நுண்ணிய கசிவும் இன்றி உருவாக்க வேண்டும். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம், மும்பையிலுள்ள அணுசக்தித் துறையின் கட்டுமானப் பிரிவு, ஐயூகா ஆகிய நான்கும் இப்பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. கட்டி முடித்தவுடன் கருவி முழுத் திறனை எட்டிவிடாது. கண்ணாடிகளைச் சீரமைத்து இரைச்சலைக் குறைக்கவே சில ஆண்டுகள் ஆகும் என்பது அமெரிக்கக் கருவிகளின் அனுபவம்.